எங்கள் படிவத்தில் ஒரு வரி குறைந்திருந்தது



சென்ற மாதம் சிறுகடன் வாங்கி மாட்டுப்பட்ட குடும்பங்கள் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "உங்களுடைய பக்கத்தைப் படித்தால் அன்றிரவு நித்திரை வருவதில்லை, வேறு ஏதாவது எழுதக் கூடாதா?" என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆகவே இம்மாதம் கணனி பற்றி எழுதுகிறேன். கணனி என்றவுடன் "இது பிள்ளைகளுக்கு, எங்களுக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் தொடங்கிய கதை.

எங்களுடைய அலுவலகத்தில் ஒரு தங்கச்சி வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறாள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து தாயுடன் வெளியே வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. முகாமில் இருந்து படித்து, பின்னர் மீள்குடியேறி, கலைப்பிரிவில் உயர்தரம் எடுத்தாள். வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போனதால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஆறு மாதக் கணனிப் பயிற்சி ஒன்று முடித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சனங்களின் தேவைகளைப் பதிந்து வருவதுதான் அவளுடைய வேலை.

முன்பெல்லாம் இந்த வேலை கடதாசிப் படிவத்தில் நடந்தது. மாரிக்குப் படிவம் நனையும், மை கரையும். பிறகு அதைப் பார்த்து ஒருவர் கணனியில் தட்டச்சுச் செய்ய வேண்டும். அதில் பாதி பிழை வரும். இப்போது கைத்தொலைபேசியிலேயே கேள்விகள் வரும், பதிலைத் தொட்டால் போதும். உங்களில் பலருடைய வீட்டுக்கும் இப்படித் தொலைபேசியோடு யாராவது வந்து போயிருப்பார்கள். அந்தத் தொலைபேசிக்குள் இருந்தது பெரும்பாலும் ஒப்பன் டேற்றா கிற் அல்லது கோபோ என்ற மென்பொருளாக இருந்திருக்கலாம். முதலாவது, அமெரிக்காவின் சியாற்றில் நகரில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டு தொடங்கியது. இரண்டாவது, அதை அடிப்படையாக வைத்து ஹார்வட் பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பணிப் பிரிவில் உருவானது. அனர்த்தம் நடந்த நாடுகளிலும் போர் நடந்த நாடுகளிலும் இவை இரண்டும் நிறையப் பாவிக்கப்படுகின்றன.

2019ஆம் ஆண்டு நாங்கள் செய்த கணக்கெடுப்பில் "உங்கள் குடும்ப நிலை என்ன?" என்று ஒரு கேள்வி இருந்தது. பதில்கள் நான்கு: திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை, பிரிந்து வாழ்பவர். பார்த்தால் பிழை ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

தங்கச்சி போன வீட்டில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் காணாமற்போனவர். அவர் முதலில் "நான் கலியாணம் கட்டினவள்தானே" என்றார். திருமணமானவர் என்பதைத் தொட்டவுடன் அடுத்த கேள்வி வந்தது: கணவரின் தொழில் என்ன, மாத வருமானம் எவ்வளவு? அதை நிரப்பாமல் முன்னே போக விடாது. தங்கச்சி திரும்பப் பின்னால் போய், தயங்கித் தயங்கி, விதவை என்பதைத் தொட்டாள். உடனே மரணச் சான்றிதழ் இலக்கம் கேட்டது. அதையும் நிரப்பாமல் போக விடாது. பிரிந்து வாழ்பவர் என்று போடலாமா என்று கேட்டபோதுதான் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஆர் பிரிஞ்சது? நான் அவரை விட்டிட்டு வந்தனானோ? அவர் என்னை விட்டிட்டுப் போனவரோ?" என்று கேட்டுவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம் தங்கச்சி அலுவலகத்துக்கு வந்து தொலைபேசியை என்னுடைய மேசையில் வைத்தாள். "அக்கா, இதுக்குள்ள என்ர அம்மாவுக்கும் இடமில்லை" என்றாள். அவளுடைய தகப்பனும் அப்படித்தான். பத்து வருடமாக அவளோடு பழகியவர்களுக்கே அது தெரியாது. அதுவரை அவள் அதை அலுவலகத்தில் சொன்னதில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காரணம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், மனிதர்களை வகைப்படுத்துவதன் அரசியல் பற்றி ஒரு தவணை முழுவதும் படித்தவள் நான். யார் பட்டியல் போடுகிறார்களோ அவர்கள்தான் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தீர்மானிக்கிறார்கள் என்றெல்லாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்தப் படிவத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவளும் நானேதான்.

நான் மேலிடத்துக்குக் கடிதம் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தங்கச்சி இரவோடிரவாக ஒரு காரியம் செய்தாள். இந்த மென்பொருளில் படிவம் தயாரிப்பது பெரிய வித்தை இல்லை. கணக்கு எழுதும் அட்டவணை மாதிரி ஒரு கோப்புத்தான். ஒரு தாளில் கேள்விகள், இன்னொரு தாளில் பதில்கள். ஒரு பதிலைக் கூட்ட வேண்டுமென்றால் இரண்டாவது தாளில் ஒரு வரியைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பதிலுக்குப் பிறகு எந்தக் கேள்வி வர வேண்டும் என்பதற்கும் ஒரு நிரல் இருக்கிறது. அவள் ஒரு வரியைக் கூட்டி, அதற்கு மரணச் சான்றிதழும் வருமானமும் கேட்காதபடி திருத்தினாள். அதற்குப் பதிலாக, 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் காணாமற்போனவர்களுக்கென்று மரணச் சான்றிதழ் இல்லாமல் வேறொரு சான்றிதழ் பெற வழி இருக்கிறதல்லவா, அதைப் பற்றித் தெரியுமா என்று ஒரு கேள்வி வைத்தாள். தெரியாது என்றால் விளக்கம் சொல்ல வேண்டும் என்று உத்தியோகத்தருக்கு ஒரு குறிப்பும் போட்டாள்.

வரியைக் கூட்டியது லேசு. அந்த வரியில் என்ன எழுதுவது என்பதுதான் மூன்று நாள் எடுத்தது. "காணாமற்போனவர்" என்று அவள் முதலில் எழுதியிருந்தாள். மாதர் சங்கத்தில் ஐந்து பெண்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். "காணாமற்போறதுக்கு அவர் என்ன ஆட்டுக்குட்டியோ?" என்றார் ஒருவர். "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று எழுதச் சொன்னார் இன்னொருவர். வேறொருவர், அப்படி எழுதினால் பதில் சொல்லவே சிலர் பயப்படுவார்கள் என்றார். கடைசியில் அவர்களே ஒரு சொல்லுக்கு வந்தார்கள்: "கணவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்." அதுவே படிவத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னர் பதிந்த வீடுகளில் எத்தனை பேரை நாங்கள் விதவையாக்கிவிட்டோம் என்று இனிப் பிரித்தெடுக்க முடியாது. அந்தக் கணக்கு அப்படியே போய்விட்டது.

இனி மாநாட்டுக்கு வருகிறேன்.

அந்தப் படிவத்தை ஒரு சைக்கிள்காரப் பிள்ளை இரவில் திருத்த முடிந்ததற்குக் காரணம், அது திறந்த மூல மென்பொருளைச் சேர்ந்தது. தையல் வகுப்புக்குப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். கடையில் வாங்கிய சட்டையைத் தைத்தவர் எப்படி வெட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் ரீச்சர் வெட்டிய கடதாசியைத் தந்தால் அதை வைத்து நீங்களும் வெட்டலாம், கை நீளத்தைக் கூட்டலாம், பக்கத்து வீட்டுக்காரிக்கும் கொடுக்கலாம். திறந்த மூலம் என்றால் வெட்டிய கடதாசியையும் சேர்த்துத் தருவது.

எங்களுடைய நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது, இலங்கையைச் சேர்ந்த கணனித் தொண்டர்கள் சில கிழமைகளுக்குள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோரைப் பதிவது, முகாம்களைப் பதிவது, எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்று பதிவது எல்லாம் அதில் இருந்தன. அது திறந்த மூலமாக இருந்தபடியால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின் போதும் மற்றவர்கள் எடுத்துப் பாவித்தார்கள். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது.

இப்படியான மென்பொருள்களை எழுதுகிறவர்களும் பாவிக்கிறவர்களும் வருடத்துக்கு ஒரு தடவை கூடிக் கதைப்பார்கள். அதுதான் மாநாடு. நாங்கள் மாநாடு என்றவுடன் குத்துவிளக்கு, மாலை, மேடையில் ஏழு கதிரை என்று நினைப்போம். இது அப்படியில்லை. யாரும் தங்களுடைய அனுபவத்தைப் பற்றிப் பேச விண்ணப்பம் போடலாம். பட்டம் கேட்பதில்லை, பதவி கேட்பதில்லை. விண்ணப்பத்துக்குக் காசும் இல்லை. சில மாநாடுகள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் புதியவர்களைத் தேடிக் கூப்பிடுகின்றன. சியாற்றில் நகரில் 2013ஆம் ஆண்டிலிருந்து சீகிள் என்றொரு மாநாடு நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. முதன்முறையாக மேடையேறுகிறவர்கள் வாருங்கள் என்று அழைப்பிலேயே எழுதுகிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு உதவவும் நேரம் ஒதுக்குகிறார்கள். 2020இல் கொவிட் காரணமாக அது முழுக்க இணையவழியில் நடந்தது. அந்தக் காலத்துக்குப் பிறகு பல மாநாடுகளில், நாட்டை விட்டுப் போகாமலே பேச இடம் கிடைக்கிறது. விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அது சின்ன விடயம் அல்ல.

"ஆண்கள்தானே அங்கும் பேசுவார்கள்?" என்று கேட்பீர்கள். அப்படித்தான் இருந்தது. பைத்தன் என்று ஒரு கணனி மொழி இருக்கிறது. அதன் பெரிய மாநாடு வட அமெரிக்காவில் வருடாவருடம் நடக்கும். 2011இல் அங்கு நடந்த பேச்சுகளில் நூற்றுக்கு ஒன்றுதான் பெண்கள் நிகழ்த்தியது. 2012இல் ஏழு, 2013இல் பதினைந்து, 2014இலும் 2015இலும் முப்பத்து மூன்று, 2016இல் நாற்பது. இந்தக் கணக்கை வெளியிட்டவர், அந்த மாநாட்டில் இதற்குப் பொறுப்பாக இருந்த ஜெசிக்கா மக்கெல்லர் என்ற பெண். ஐந்து வருடத்தில் பெண்களுக்கு மூளை கூடிவிடவில்லை. ஒவ்வொரு பெண்ணாகத் தேடி, "நீங்கள் இதைப் பற்றிப் பேசலாமே" என்று கேட்டிருக்கிறார்கள். எழுதுவதற்கும் உதவியிருக்கிறார்கள்.

பேர்லின் நகரில் 2012இல் நடந்த ஜேஎஸ்கொன்ப் என்ற மாநாட்டில் வேறொரு வழியையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களை விண்ணப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். வந்த விண்ணப்பங்களில் பெயரை மறைத்துவிட்டுத் தெரிவு செய்தார்கள். எழுதியது ஆணா, பெண்ணா, எந்த ஊர் என்று தெரிவு செய்கிறவர்களுக்குத் தெரியாது. முடிவில் பேச்சாளர்களில் கால்வாசிப் பேர் பெண்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்களுடைய ஊர்க் கூட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. பெயரை மறைத்துத் தலைவரைத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சரி, அதை விடுவோம்.

இந்த வருடம் இப்படியான ஒரு மாநாட்டின் அழைப்பு எனக்குக் கிடைத்தது. தங்கச்சியைக் கூப்பிட்டு, "நீ அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசு" என்றேன்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே?" என்றாள். "நான் ஒரு வரி கூட்டினனான். அதைக் கதைக்கிறதுக்கு ஒரு மாநாடோ? அங்க வாறவை எல்லாம் மென்பொருள் எழுதிற ஆக்கள். எனக்கு இங்கிலீசும் ஒழுங்கா வராது."

இது அவள் ஒருத்தியின் பேச்சில்லை. 1978ஆம் ஆண்டிலேயே போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு பெண் உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். நன்றாகச் சாதித்த பெண்களே, தங்களுக்குத் தகுதியில்லை, எப்படியோ மற்றவர்களை ஏமாற்றி இந்த இடத்துக்கு வந்துவிட்டோம், என்றோ ஒருநாள் பிடிபடுவோம் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்று கண்டார்கள். படித்து வேலை பார்த்த அமெரிக்கப் பெண்களுக்கே அந்தப் பயம் என்றால், பதின்மூன்று வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தவளுக்கு இருக்காதா?

நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு எல்லாம் தெரியும். அந்த முற்றத்தில் நடந்தது மட்டும் தெரியாது. அதை அவர்களுக்கு நீ சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அவள் அரைமனதோடு சம்மதித்தாள். அதற்குப் பிறகு பிழைவிட்டது நான். அவளுக்கு உதவுகிறேன் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து விண்ணப்பத்தை நானே எழுதினேன். தலைப்பு: "போருக்குப் பிந்திய சமூகங்களில் பால்நிலை உணர்வுள்ள தரவு சேகரிப்பு: சவால்களும் வாய்ப்புகளும்." கீழே வலுவூட்டல், பங்கேற்பு அணுகுமுறை, நிலைபேறான அபிவிருத்தி எல்லாம் வந்தன. நிதி கேட்டு எழுதி எழுதி என்னுடைய கை அப்படிப் பழகிவிட்டது. திங்கட்கிழமை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "வடிவா இருக்குதக்கா. ஆனா இதுக்குள்ள நான் எங்க?" என்று கேட்டாள்.

நான் அதைக் கிழித்துப் போட்டேன். உண்மையில் கிழிக்கவில்லை, கணனியில் அழித்தேன். ஆனால் கிழித்த மாதிரித்தான் இருந்தது.

பிறகு அவளைத் தமிழில் சொல்லச் சொன்னேன், நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். மாநாட்டுக்காரர் கேட்டவை நான்குதான். ஒரு தலைப்பு. நிகழ்ச்சி நிரலில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு சின்னச் சுருக்கம். தெரிவுக் குழு மட்டும் வாசிக்கிற நீண்ட குறிப்பு. பேசுகிறவரைப் பற்றி இரண்டு மூன்று வசனம். தலைப்பை அவள் ஒரே மூச்சில் சொன்னாள்: "எங்கள் படிவத்தில் ஒரு வரி குறைந்திருந்தது." அதையே இந்தப் பக்கத்துக்கும் இரவல் வாங்கியிருக்கிறேன்.

சுருக்கத்தில் மூன்று விடயம் இருந்தால் போதும் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதிய குறிப்புகளில் படித்தேன். என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், கேட்கிறவர் வீட்டுக்கு எதைக் கொண்டு போவார். மூன்றாவதில்தான் நாங்கள் இருவரும் முழித்தோம். அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்குக் கிளிநொச்சிப் படிவத்தால் என்ன பயன்? ஒரு தேநீர் குடித்து முடியும் வரை யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: "எந்த நாட்டிலயும் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் நிக்கிற ஆள் இருக்கும்தானே அக்கா. படிவத்தை அனுப்ப முதல், அந்த ஆளைத் தேடிப்போய் வாசிச்சுக் காட்டச் சொல்லலாம்." அதை அப்படியே எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

நீண்ட குறிப்பில் நிமிடக் கணக்குப் போட வேண்டும். இருபது நிமிடப் பேச்சு. முதல் ஐந்து நிமிடம் முற்றத்தில் நடந்தது. அடுத்த எட்டு நிமிடம் அட்டவணையில் எந்த வரி, எந்த நிரல், எப்படி மாற்றினாள் என்று திரையில் காட்டுவது. நான்கு நிமிடம், மாதர் சங்கத்தில் சொல் தேடிய கதை. மிச்சம் கேள்விகளுக்கு. இப்படி எழுதினால், இவர் ஆயத்தத்தோடுதான் கேட்கிறார் என்று குழுவுக்குத் தெரியும். இந்தக் குறிப்பை அவளே எழுதினாள். கூப்பன் கடைக் கணக்கு மாதிரி இருந்தது, எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தன்னைப் பற்றி எழுதச் சொன்னபோது அவள் எழுதியது: "நான் ஒரு சாதாரண வெளிக்கள உத்தியோகத்தர்." சாதாரண என்பதை வெட்டச் சொன்னேன். வெட்டினாள். "நானூறு வீடுகளுக்கு மேல் போயிருக்கிறேன்" என்று போடச் சொன்னேன். அது பெருமை அடிப்பது போலிருக்கும் என்றாள். உண்மைதானே என்றேன். அரைமணி நேரம் வாக்குவாதம். அந்த வசனம் இப்போது விண்ணப்பத்தில் இருக்கிறது, ஆனால் "மேல்" இல்லை.

ஆங்கிலத்தில் மாற்றியது நான். சின்னச் சின்ன வசனங்களாக மாற்றினேன். அவளால் வாயால் சொல்ல முடியாத சொல் எதையும் போடவில்லை. தெரிவானால் பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பலாமா என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டோம், ஆம் என்று அன்றே பதில் வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் இதையே காரணம் காட்டி அவள் விலகியிருப்பாள்.

ஒரு விடயத்தில் மட்டும் அவள் என்னை விடக் கவனமாக இருந்தாள். அந்த முற்றத்தில் கோபித்துக்கொண்டு உள்ளே போன அம்மாவின் கதை இல்லாமல் இந்தப் பேச்சு இல்லை. அது அவருடைய கதை. எங்களைப் போன்ற நிறுவனக்காரர் எத்தனை பேர் உங்களுடைய கதைகளைப் படமும் எடுத்துக்கொண்டு போய் எங்கெங்கோ காட்டியிருக்கிறோம், நீங்கள் திரும்ப ஒன்றும் கண்டிருக்க மாட்டீர்கள். ஆகவே அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் விளக்கினாள். யார் கேட்பார்கள், ஒளிப்பதிவு இணையத்தில் இருக்கும், அழிக்க முடியாது என்பதையும் சொன்னாள். அவர் கனநேரம் யோசித்துவிட்டு, "என்ர பேரும் ஊரும் வேண்டாம் பிள்ளை. நான் கோவிச்சதைச் சொல்லு. ஏன் கோவிச்சனான் எண்டதையும் சொல்லு" என்றாராம்.

உங்களில் யாருக்காவது, அல்லது உங்களுடைய பிள்ளைகளுக்கு, இப்படி ஒரு எண்ணம் வந்தால் சில விடயங்களைச் சொல்லி வைக்க வேண்டும். நல்ல மாநாடுகளில் எழுத்தில் ஒரு நடத்தை விதி இருக்கும். யாராவது அநாகரிகமாக நடந்தால் யாரிடம் முறையிடுவது என்று அதில் போட்டிருக்கும். இது தானாக வந்ததல்ல. வலரி அரோரா, மேரி கார்டினர் என்ற இரண்டு பெண்கள் 2011இல் ஏடா இனிஷியேற்றிவ் என்ற அமைப்பைத் தொடங்கி, 2015இல் அதை மூடும் வரை இதற்காகப் பாடுபட்டார்கள். விண்ணப்பிக்க முன்னர் அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுப்பதை விரும்பாதவர்கள் தனி நிறத்தில் கழுத்துப் பட்டி அணியும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பேச்சை ஒளிப்பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்கவும் சில இடங்களில் வழி வைத்திருக்கிறார்கள். எங்களில் சிலருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

மற்றது, ஏமாற்றுக்காரர். "உங்களைச் சர்வதேச மாநாட்டில் பேச அழைக்கிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள், விசா எடுத்துத் தருகிறோம்" என்று நீங்கள் கேளாமலே மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். ஏஜென்சிக்காரர் இதையும் ஒரு வழியாகப் பாவிக்கிறார்கள். வெளிநாட்டு ஆசையில் காணியை ஈடு வைத்தவர்கள் எங்களுடைய பகுதியில் ஏற்கெனவே போதும்.

தெரிவாகாமல் போகலாம் என்பதையும் தங்கச்சிக்கு முதலே சொல்லிவிட்டேன். பெரிய மாநாடுகளுக்குப் பல நூறு விண்ணப்பங்கள் வரும், இடம் நூறுக்குள்தான். கிடைக்காதவர்கள் அதே விண்ணப்பத்தைத் திருத்தி இன்னொன்றுக்குப் போடுவது அங்கே வழமை. யாரும் அதை அவமானமாக எடுப்பதில்லை. "வெட்டுப்புள்ளி மாதிரி இல்லையோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கடைசி நாளுக்கு முதல் நாள் இரவு, மின்சாரம் இருக்கும் போதே அனுப்பிவிடுவோம் என்று அலுவலகத்தில் இருவரும் இருந்தோம். பொத்தானை நீங்களே அழுத்துங்கோ என்றாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். ஒரு நிமிடத்தில், "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அது இயந்திரம் அனுப்புகிற கடிதம், எல்லோருக்கும் வரும் என்று சொன்னேன். தெரியும் என்று சொல்லிவிட்டு அதை அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

மறுநாள் காலையில் வந்ததும் சொன்னாள். தாய்க்கு அதை வாசித்துக் காட்டினாளாம். மாநாடு, அமெரிக்கா எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாராம். பிறகு, "அந்தப் புதுப் படிவத்தோட எங்கட வீட்டுக்கு எப்ப வருவினம்?" என்று கேட்டாராம். தன்னுடைய வீட்டைத் தானே பதியக்கூடாது என்பது அலுவலக விதி. அடுத்த கிழமை அந்தப் பகுதிக்கு நான் போகிறேன்.